நன்னீர்ப் படகும் கடல் ஓதமும்: கலிலியோவின் ஒப்புமை

முன்னுரை

வேகம் மாறும் ஊர்தியில் நீர் ஒருபுறம் ஏறுவது ஏன் என்பது இன்று பள்ளிப் பாட வினா. 17ஆம் நூற்றாண்டில் அது புவி இயங்குகிறதா என்னும் பெருவினாவோடு பிணைந்திருந்தது. 1632இல் பிளாரன்சில் வெளிவந்த கலிலியோவின் 'இரு பெரும் உலக அமைப்புகள் குறித்த உரையாடல்' நூலின் நான்காம் நாள் பகுதி அப்பிணைப்பிலேயே அமைந்தது. அதன் படகு ஒப்புமையையும் அது பிழைபட்ட இடத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

படகில் நீர்

உவர்நீர்க் கழியின் நடுவே அமைந்த வெனிசு நகருக்கு லிட்சாபுசினாவிலிருந்து நன்னீர் படகுகளில் வந்தது. படகு சீராகச் செல்லும்வரை நீர்மட்டம் கலைவதில்லை. தரைதட்டி வேகம் குறைந்தால் நீர் முகப்பில் உயர்ந்து பின்புறம் தாழும். வேகம் கூடினால் பின்புறம் உயரும். நடுவில் மட்டம் அதிகம் மாறாது. தடையும் உந்தலும் படகின் உடலைத் தாக்குகின்றன. நீரோ தன் முந்தைய வேகத்திலேயே தொடர முனைகிறது. இன்றைய கணக்கின்படி, வினாடிக்கு வினாடி வேகம் 1 மீட்டர் கூடிக்கொண்டே சென்றால் நிலைபெற்ற நீர்ப்பரப்பு ஏறத்தாழ 6 பாகை சாய்ந்திருக்கும்.

கடலுக்கு நீட்டிய கருத்து

புவியின் தற்சுழற்சியும் சூரியனைச் சுற்றும் இயக்கமும் ஒருபுறம் கூடி, மறுபுறம் கழிவதால் கடற்படுகையின் வேகம் நாள்தோறும் மாறுகிறது. அதனாலேயே ஓதம் எழுகிறது என்றார் கலிலியோ. 1616இலேயே கர்தினால் ஓர்சினிக்கு இதை எழுதியளித்திருந்தார். இவ்விளக்கம் நாளுக்கு ஓர் உயர் ஓதத்தையே தரும். வெனிசில் பெரும்பாலும் இரண்டு நிகழ்கின்றன. படுகையின் நீளமும் ஆழமும் நீரின் ஊசலாட்டத்தை மாற்றுகின்றன என அவர் அமைதி கூறினார். நிலவே காரணம் என்ற கெப்ளரின் கருத்தை ஏற்கவில்லை.

பிழை நேர்ந்த இடம்

படகில் விசை கலத்தின்மேல் செயற்படுகிறது. நீர் பின்னரே இணங்குகிறது. புவியைச் சுற்றுப்பாதையில் வளைக்கும் சூரிய ஈர்ப்போ நிலத்தையும் நீரையும் ஏறத்தாழ ஒரே அளவில் இழுக்கிறது. எனவே படகில் காணும் பின்தங்கல் கடலில் இல்லை. இடத்திற்கு இடம் ஈர்ப்பில் எஞ்சும் சிறு வேறுபாடே ஓதத்தை எழுப்புகிறது. இதில் அண்மையிலுள்ள நிலவின் பங்கு சூரியனுடையதைவிட இருமடங்கிற்கும் மேல். ஈர்ப்பின்வழி ஓதத்தை விளக்கும் அடிப்படையை 1687இல் நியூட்டனின் 'பிரின்சிபியா' வழங்கியது.

முடிவுரை

படகு நீரைப் பற்றிய கலிலியோவின் கூர்நோக்கு இன்றும் பிழையற்றது. புவி இயங்குகிறது என்ற அவருடைய முடிவும் சரியே. அவ்விரண்டையும் இணைத்த வாதமே பிழைபட்டது. 1633ஆம் ஆண்டுத் தீர்ப்பு அவ்வாதத்தின் குறையைச் சோதித்து அளிக்கப்பட்டதன்று. புவி இயக்கக் கொள்கையையே தண்டித்தது. ஆதலின், அவர் தண்டிக்கப்பட்டமையை அவருடைய ஓதக் கொள்கைக்குச் சான்றாகவோ மறுப்பாகவோ கொள்ளுதல் பொருந்தாது.