ஆர்டர் ஏடு யார் கையில்?

தில்லியில் நான் தங்கிப் படிக்கும் பகுதியில் ஒரு சிறிய உணவகம் இருக்கிறது. சென்ற மாதம் அதன் உரிமையாளர் கல்லாப்பெட்டிக்கு அடியிலிருந்து நீளமான கணக்கு நோட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். வீட்டு எண், தெரு, தொலைபேசி எண், என்ன கேட்டார்கள், எவ்வளவு பாக்கி, யாருக்குக் காரம் ஆகாது என்பனவெல்லாம் அதில் இந்தியில் எழுதப்பட்டிருந்தன. பாதிக்கு மேல் ஏடுகள் வெற்றாகவே இருந்தன. நோட்டுக்கு அருகில் இரண்டு டேப்லெட் கருவிகள் மாறி மாறி ஒலித்துக்கொண்டிருந்தன. "முன்பு வீட்டு எண்ணைச் சொன்னால் அவர்கள் என்ன சாப்பிடுவார்கள் என்று சொல்லிவிடுவேன். இப்போது ஆர்டர் எண் மட்டும்தான் வருகிறது" என்றார் அவர்.

இந்திய உணவகங்களின் வரலாற்றை எழுதும்போது நாம் பண்டங்களைப் பற்றி எழுதுகிறோம். சாதியையும் பந்தியையும் பற்றி எழுதுகிறோம். உண்பவரின் கோரிக்கை சமைப்பவரிடம் எவ்வழியாகச் சென்றது, வழியில் அது எந்த ஏட்டில் பதிவாயிற்று என்ற கேள்வியை அரிதாகவே எழுப்புகிறோம். இணையவழி மேசை முன்பதிவையும் உணவு ஆர்டரையும் வெறும் தொழில்நுட்பப் புதுமையாகக் காண்பது போதாது. அந்த ஏடு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறிய வரலாறாகவும் அதைப் படிக்க வேண்டும் என்பதே இப்பதிவின் கருத்து.

தொலைவிலிருந்து உணவுக்குச் சொல்லியனுப்பும் வழக்கம் நமக்குப் புதிதன்று. ஆங்கிலேயர் காலத்து ரயில்களில், உணவுப் பெட்டிகள் பரவுவதற்கு முன், மேல்வகுப்புப் பயணிகளிடம் கார்டு வந்து எத்தனை பேருக்குச் சாப்பாடு வேண்டும் என்று கேட்பார். அந்த எண்ணிக்கை தந்தி வழியே அடுத்த பெரிய நிலையத்தின் சிற்றுண்டிச் சாலைக்குச் செல்லும். கிழக்கிந்திய ரயில்வேயில் கெல்னர் நிறுவனமும் தெற்கே ஸ்பென்சர் நிறுவனமும் இத்தகைய சாலைகளை ஒப்பந்தத்தில் நடத்தின. தந்தியில் சென்றது எண்ணிக்கையும் உணவின் வகையும் மட்டுமே. உண்பவரும் பரிமாறுபவரும் நிலையத்தில் நேருக்கு நேர் சந்தித்தனர். பணமும் அங்கேயே கைமாறியது. செய்தியைச் சுமந்த தந்தி அந்த வாடிக்கையாளரைத் தன்னுடையவராக்கிக்கொள்ளவில்லை. 2014இல் ஐஆர்சிடிசி தொடங்கிய மின்வழி உணவுச் சேவையில் பயணி தம் பிஎன்ஆர் எண்ணைக் கொடுத்து, வரவிருக்கும் நிலையத்தில் உணவு பெறுகிறார். வேலை ஏறத்தாழ பழையதுதான்; பதிவு இருக்கும் இடம் வேறு.

பம்பாயின் டப்பாவாலாக்கள் வேறொரு முறைக்குச் சான்று. 1890இல் மகாதேவ் ஹாவாஜி பச்சே ஏறத்தாழ நூறு பேருடன் தொடங்கிய இப்பணி உணவகத் தொழில் அன்று. வீட்டுச் சாப்பாட்டை அலுவலகத்திற்குக் கொண்டு சேர்ப்பது. எனினும் நம் கேள்விக்கு அது மிகவும் பொருத்தமானது. புறப்படும் நிலையம், இறங்கும் நிலையம், கட்டடம், மாடி ஆகிய அனைத்தும் டப்பாவின் மூடியில் நிறத்தாலும் எழுத்தாலும் எண்ணாலும் குறிக்கப்படுகின்றன. ஒவ்வொரு டப்பாவின் நாள்வழிப் பயணத்தையும் பதியும் மையப் பேரேடு இல்லாமலேயே இம்முறை இயங்கிவந்தது. தகவல் டப்பாவின் மீதும் சுமப்பவரின் நினைவிலும் வீட்டாரின் பழக்கத்திலும் பகிர்ந்து கிடந்தது. எனவே யாரேனும் ஒருவர் அதை மொத்தமாகக் கைப்பற்றிவிட முடியவில்லை.

மேசை முன்பதிவு இந்தியாவில் நெடுங்காலம் பெரிய விடுதிகளின் வழக்கமாகவே இருந்தது. கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் 1882இலேயே தொலைபேசி நிலையங்கள் திறக்கப்பட்டுவிட்டன. ஆயினும் அடுத்த நூறாண்டுகளில் பெரும்பாலான வீடுகளுக்குத் தொலைபேசி எட்டாப் பொருளாகவே இருந்தது. இணைப்புக்கு விண்ணப்பித்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். சாதாரண உணவகத்தில் இடம் பிடிப்பது என்றால் சாப்பிடுபவரின் நாற்காலிக்குப் பின்னால் நிற்பதுதான். பெங்களூரில் 1924இல் தொடங்கப்பட்ட எம்டிஆர் போன்ற இடங்களில், வாசலில் பெயரைச் சொல்லிவிட்டு அழைப்புக்காகக் காத்திருப்பார்கள்.

1990களின் நடுப்பகுதியில் இந்நிலை மாறத் தொடங்கியது. 1995 ஜூலையில் செல்பேசிச் சேவை வந்தது. 1996இல் டொமினோஸ் தில்லியில் தன் முதல் கடையைத் திறந்தது. தொலைபேசியில் சொன்னால் வீட்டுக்கே உணவு வரும் என்ற எதிர்பார்ப்பு நகர நடுத்தர வர்க்கத்தில் வேரூன்றியது. அக்கம்பக்கத்து உணவகங்களும் துண்டுச்சீட்டில் உணவுப் பட்டியலை அச்சிட்டு வீடுதோறும் போட்டன. எனக்குக் காட்டப்பட்ட நோட்டு இக்காலத்தின் பிள்ளை. அழைப்பவரின் குரலை அடையாளம் காண்பவரும், அடுப்புக்குச் சீட்டு அனுப்புபவரும், பாக்கி வசூலிப்பவரும் ஒருவரே.

இணையத்தின் நுழைவு முதலில் இந்த நோட்டைத் தொடவில்லை. தில்லியில் பெயின் நிறுவனத்தில் பணியாற்றிய தீபிந்தர் கோயலும் பங்கஜ் சட்டாவும் 2008இல் தொடங்கிய ஃபூடிபே, உணவகங்களின் பட்டியல் அட்டைகளை ஸ்கேன் செய்து வெளியிட்டது. 2010இல் அது சொமேட்டோ எனப் பெயர் மாறிற்று. அப்போது அது ஒரு தகவல் ஏடு மட்டுமே. வருமானம் விளம்பரத்திலிருந்து வந்தது. பட்டியலைப் பார்த்தவர் உணவகத்தைத்தான் அழைத்தார். மேசை முன்பதிவுக்கென 2012இல் டைன்அவுட்டும், 2014இல் ஈஸிடைனரும் தில்லி வட்டாரத்தில் தோன்றின. இவற்றுக்கு வெளிநாட்டு முன்னோடி, 1998இல் சான் பிரான்சிஸ்கோவில் தோன்றிய ஓப்பன்டேபிள். வரவேற்பு மேசையிலிருந்த காகித ஏட்டை அகற்றி, அவ்விடத்தில் தன் மின்னணு ஏட்டை வைத்ததே அது செய்த அடிப்படை மாற்றம். மாதக் கட்டணம் போக, தன் தளத்தின் வழியே வந்து அமரும் ஒவ்வொருவருக்கும் அது உணவகத்திடம் தொகை பெற்றது.

திருப்பம் 2014, 2015 ஆண்டுகளில் நேர்ந்தது. 2014இல் பெங்களூரில் தொடங்கிய ஸ்விக்கி, ஆர்டரைப் பெறுவதோடு நில்லாமல் தன் ஆட்களைக் கொண்டே உணவைக் கொண்டு சேர்த்தது. சொமேட்டோ 2015இல் ஆர்டர் சேவையில் இறங்கியது. அதே ஆண்டில் அமெரிக்க மேசை முன்பதிவு நிறுவனமான நெக்ஸ்ட்டேபிளையும், உணவக பில்லிங் மென்பொருளான மேப்பிள்பாஸையும் வாங்கியது. இக்கொள்முதல்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு திட்டம் புலப்படும். பட்டியல், மேசை, ஆர்டர், பில் ஆகியவை ஒரு காலத்தில் ஒரே கல்லாவில் கூடியிருந்தவை. அவை இப்போது வேறோர் இடத்தில் கூடத் தொடங்கின. 2022இல் டைன்அவுட்டை ஸ்விக்கி வாங்கியதும் இவ்வழியிலேயே.

நடைமுறையில் இது எப்படி இயங்குகிறது? வாடிக்கையாளர் தளத்தில் பண்டத்தைத் தேர்ந்து பணம் செலுத்துகிறார். உணவகத்தின் டேப்லெட் ஒலிக்கிறது. குறித்த நேரத்திற்குள் ஏற்க வேண்டும். ஆயத்தமாக எத்தனை நிமிடம் ஆகும் என்று சொல்ல வேண்டும். சமையலறைக்குச் சீட்டு போகிறது. தீர்ந்துபோன பண்டத்தை உடனே பட்டியலில் அணைக்காவிட்டால், ஆர்டரை மறுக்க நேர்ந்து மதிப்பீடு சரியும். பணம் தளத்திற்குச் சென்று, தரகுத்தொகை கழிந்து, பின்னரே உணவகத்தை அடைகிறது. இத்தனை படிகளிலும் உண்பவரின் தொலைபேசி எண் உணவகத்திற்குத் தெரியாதபடி மறைக்கப்படுவது வழக்கமாயிற்று. அவர் மூன்றாம் முறை வருபவரா, முப்பதாம் முறை வருபவரா என்பதை முழுமையாக அறிந்தது தளம் மட்டுமே.

எதிர்ப்பு எழாமல் இல்லை. 2019 ஆகஸ்டில் உணவகங்கள் தள்ளுபடிச் செயலிகளிலிருந்து கூட்டாக வெளியேறும் இயக்கத்தை நடத்தின. 2021இல் இந்திய தேசிய உணவகச் சங்கம் சொமேட்டோ, ஸ்விக்கி ஆகியவற்றின் மீது இந்தியப் போட்டி ஆணையத்திடம் முறையிட்டது. மிகுதியான தரகு, விலைக் கட்டுப்பாடு முதலியவற்றோடு வாடிக்கையாளர் தகவலை மறைப்பதும் அம்முறையீட்டில் இடம்பெற்றது. 2022 ஏப்ரலில் ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது. வேறிடத்தில் குறைந்த விலைக்கு விற்கக் கூடாது என்ற ஒப்பந்த நிபந்தனையும், சில உணவகங்களுக்குக் காட்டப்படும் சலுகையும் முதல்நோக்கில் ஆராயத்தக்கவை என அது கருதியது. அதே ஆண்டு ஜனவரி 1 முதல், தளங்களின் வழியே விற்கப்படும் உணவக உணவுக்கான 5 விழுக்காடு ஜிஎஸ்டியைத் தளமே செலுத்த வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்திருந்தது. இவ்விரு நிகழ்வுகளையும் அருகருகே வைத்துப் படிக்கலாம். தளத்தின் ஆதிக்கத்தை அரசின் ஓர் உறுப்பு விசாரிக்கத் தொடங்கியபோது, மற்றோர் உறுப்பு வரிவசூலுக்குத் தளத்தின் ஏட்டையே நம்பியிருந்தது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. பழைய நோட்டை நாம் புனிதப்படுத்திவிடக் கூடாது. பெயர் தெரிந்த உலகில் சாதியும் தெரிந்திருந்தது; செல்வாக்குள்ளவருக்கு மேசை விரைவில் கிடைத்தது. எண்ணாக மட்டும் அறியப்படுவதில் பலருக்கு ஒரு விடுதலை உண்டு. தம் கைபேசி எண் அந்நியர் கைக்குப் போகாதிருப்பது பெண்களுக்குப் பாதுகாப்பும் ஆகும். ஆனால் இந்த மறைப்பு எல்லோருக்கும் சமமாக அளிக்கப்படவில்லை. உணவு கொண்டுவருபவரின் பெயர் வாடிக்கையாளரின் திரையில் தெரிகிறது. 2019 ஜூலை இறுதியில் ஜபல்பூரில் ஒருவர், உணவு கொண்டுவருபவர் இந்து அல்லர் என்று ஆர்டரை மறுத்தது அந்தப் பெயரைக் கண்டுதான். 2024 மார்ச்சில் சைவ உணவுக்கெனத் தனிப் பச்சைச் சீருடைப் பிரிவை அறிவித்த சொமேட்டோ, கடும் விமர்சனத்திற்குப் பின் மறுநாளே அச்சீருடையைக் கைவிட்டது. ஏட்டில் யார் பெயர் தெரிய வேண்டும், யார் பெயர் மறைய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவரே இந்த அமைப்பில் அதிகாரம் உள்ளவர்.

2021 டிசம்பர் இறுதியில் பதிவு செய்யப்பட்ட ஓஎன்டிசி, வாங்குபவரின் செயலியையும் விற்பவரின் செயலியையும் பிரித்து, ஒரே நிறுவனம் இரு முனைகளையும் பிடித்திருக்கும் நிலையைத் தளர்த்த முயல்கிறது. அது எவ்வளவு வெல்லும் என்பதைப் பொருளியலாளர்கள் விவாதிக்கட்டும்.

வரலாற்று மாணவர்களாகிய நமக்கு வேறொரு கவலை உண்டு. நாளை இக்காலத்தின் உணவுப் பழக்கத்தை எழுத வருபவருக்கு எந்த ஆவணம் கிடைக்கும்? ஆண்டுதோறும் தளங்கள் வெளியிடும் சுவையான பட்டியல்களில் பிரியாணி முதலிடம் பெறுவதை நாம் மேற்கோள் காட்டத் தொடங்கிவிட்டோம். அவை ஏட்டின் உரிமையாளர் தாமே தேர்ந்து தரும் பக்கங்கள். ஏடு முழுவதும் நமக்குத் திறக்கப்படுவதில்லை. காலனிய ஆவணங்களைப் படிக்கும்போது யார் எழுதியது, யாருக்காக எழுதியது என்று கேட்கப் பழகிய நாம், இப்பட்டியல்களிடமும் அதைக் கேட்க வேண்டும்.

அந்த நோட்டைப் படமெடுத்துக்கொள்ளலாமா என்று உரிமையாளரிடம் கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "எடுங்கள். ஆனால் பெயரையும் எண்ணையும் மறைத்துவிடுங்கள், அவர்களிடம் நான் கேட்கவில்லையே" என்றார். வாடிக்கையாளர் தகவலைக் கையாளும் நெறி குறித்து நான் கேட்ட கருத்தரங்க உரைகள் பலவற்றைவிட அது தெளிவாக இருந்தது.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில், உங்கள் விடுதிக்கு அருகில் இத்தகைய ஆர்டர் நோட்டுகளும், மேசைப் பதிவேடுகளும், மாதக் கணக்கு ஏடுகளும் இன்னும் இருக்கலாம். பழைய காகிதக்காரரிடம் எடைக்குப் போவதற்கு முன், உரியவரின் இசைவோடு அவற்றைப் பாருங்கள், படியெடுங்கள். எழுதியவர்களிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். கண்டவற்றை இங்கே பகிர்ந்தால், சேர்ந்தே படிக்கலாம்.