கரிம நானோபொருள் – பலபடிக் கலவைகளின் வெப்பக் கடத்தல்

கரிம நானோகுழாய், கிராஃபீன் தகடு போன்ற மீநுண் கரிமப் பொருள்களைப் பிளாஸ்டிக், ரப்பர், எப்பாக்சி பிசின் முதலிய பலபடிகளுடன் கலந்து, அவற்றின் வெப்பக் கடத்துதிறனை உயர்த்துவது பொருளறிவியலின் ஓர் ஆய்வுத்துறை ஆகும். மின்னணுக் கருவிகளிலும் மின்கல அடுக்குகளிலும் தோன்றும் வெப்பத்தை வெளியேற்ற, எடை குறைந்த, துருப்பிடிக்காத, எளிதில் வார்க்கத்தக்க பொருள்கள் தேவைப்படுகின்றன.

எதிர்பார்ப்பும் அளவீடும்

எப்பாக்சியின் வெப்பக் கடத்துதிறன் ஏறத்தாழ 0.2 வாட்/(மீ·கெ), செம்பினுடையது ஏறத்தாழ 400. தனித்த கரிம நானோகுழாய்களில் 3000 அளவிலான மதிப்புகள் அளக்கப்பட்டுள்ளன. 2008இல் அலெக்சாண்டர் பலாந்தின் குழுவினர் தனியடுக்குக் கிராஃபீனுக்கு ஏறத்தாழ 5000 எனக் கண்டனர். பிந்தைய அளவீடுகள் பல இதனினும் குறைந்த மதிப்பையே தந்தன.

எனவே சிறிதளவு கலந்தாலே கடத்துதிறன் பத்து மடங்குக்கும் மேல் உயரும் என எளிய கலவை விதி கூறும். ஆனால் 2002இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் எடையில் 1% ஒற்றைச்சுவர் நானோகுழாய் கலந்த எப்பாக்சியில் கிடைத்த உயர்வு 125% மட்டுமே, அதாவது இரு மடங்கைவிடச் சற்று மிகுதி. அக்காலத்தில் இது பெரும் வெற்றியாகவே கருதப்பட்டது.

இடைமுகத் தடை

கரிமத்தில் வெப்பத்தைப் பெரும்பாலும் சுமப்பவை ஃபோனான்கள் எனப்படும் அணு அதிர்வுகளாகும். விறைப்பான கரிம வலையின் அதிர்வுகள் நெகிழ்வான பலபடியின் அதிர்வுகளோடு பொருந்தாமையால், எல்லையில் வெப்பம் தடைபடுகிறது. இது கபிட்சா தடை எனப்படும். 1941இல் பியோத்தர் கபிட்சா இதை நீர்ம ஈலியத்தில் கண்டறிந்தார். 2003இல், நீரில் சோப்பு போன்ற மூலக்கூறுகள் சூழ மிதக்கவிடப்பட்ட நானோகுழாய்களில் இடைமுகக் கடத்தம் 12 மெகாவாட்/(மீ²·கெ) என அளக்கப்பட்டது. ஒவ்வோர் எல்லையும் ஏறத்தாழ 17 நானோமீட்டர் தடிப்புள்ள பலபடிப் படலத்துக்கு ஈடான தடை என்பது இதன் பொருள். குழாயின் விட்டமோ 1 நானோமீட்டர் அளவே.

மின்கடத்தலில் நிலைமை வேறு. குழாய்கள் ஒன்றையொன்று தொடும் அளவை எட்டியதும் மின்கடத்துதிறன் பல கோடி மடங்கு தாவுகிறது. வெப்பத்தைப் பலபடியும் ஓரளவு கடத்துவதால் அத்தகைய தாவல் காணப்படுவதில்லை.

வழிமுறைகள்

குழாயின் புறப்பரப்பை வேதிப்பிணைப்பால் பலபடியுடன் இணைத்தால் இடைமுகத் தடை குறையும். ஆனால் அப்பிணைப்பே கரிம வலையைச் சிதைத்து, குழாயின் கடத்துதிறனைக் குறைத்துவிடும். மிகுதியாகக் கலந்தால் பிசின் கெட்டியாகி, வார்க்க இயலாது போகும். ஆகவே அகன்ற கிராஃபீன் தகடுகளை ஒரே திசையில் அடுக்குவதும், கரிமச் சட்டகத்தை முதலில் அமைத்துப் பிசினைப் பின்னர் ஊட்டுவதும் கூடுதல் பயன் தருகின்றன. மின்காப்பும் வேண்டிய இடங்களில் போரான் நைட்ரைடே பொருத்தமானது.

மூலப்பொருள்

கிராஃபீன் தகடுகள் பெரும்பாலும் இயற்கைக் கிராஃபைட்டிலிருந்து பெறப்படுகின்றன. அமிலம் ஊட்டிய கிராஃபைட்டைத் திடீரெனச் சூடாக்கினால் அதன் அடுக்குகள் விரிந்து பிரியும். தமிழ்நாட்டில் சிவகங்கைப் பகுதியில் செதில் கிராஃபைட்டுப் படிவுகள் உள்ளன. இலங்கையின் போகல, ககட்டகக சுரங்கங்களில் தூய்மை மிக்க நரம்புக் கிராஃபைட்டு கிடைக்கிறது.