வில்லியனூர் சுடுமண்: ஏரி வண்டலிலிருந்து கட்டடக்கலை வரை

வில்லியனூர் சுடுமண் என்பது புதுச்சேரி மாவட்டத்தின் வில்லியனூர் கொம்யூன் பகுதியில் களிமண்ணை வனைந்து சூளையில் சுட்டுச் செய்யப்படும் கைவினைப் பொருட்களைக் குறிக்கும். இக்கைவினைக்கு இந்திய அரசின் புவிசார் குறியீடு வழங்கப்பட்டுள்ளது. சுற்றுச்சூழலுக்கு ஏற்ற கட்டுமானப் பொருட்களைத் தேடும் இன்றைய வடிவமைப்பாளர்கள் சுடுமண்ணை மீண்டும் கையில் எடுத்துள்ளனர். ஆனால் இந்தப் பொருளின் எதிர்காலம் சூளையைவிட, மண் கிடைக்கும் ஏரிகளையே பெரிதும் சார்ந்துள்ளது.

பழமை

செஞ்சிப் பக்கமிருந்து வரும் சங்கராபரணி ஆறு வில்லியனூரைக் கடந்து, அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு என இரு கிளைகளாகப் பிரிந்து கடலில் கலக்கிறது. அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். செங்கல் கட்டடங்கள், சுடுமண் உறைகிணறுகள், உரோமானிய மதுச்சாடிகளின் உடைசல்கள், தமிழ் பிராமி எழுத்துகள் பொறித்த பானை ஓடுகள் ஆகியவை அங்கு கிடைத்தன. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சுடுமண் வளையங்களே உறைகிணற்றின் சுவர். மணற்பாங்கான நிலத்தில் கிணறு சரியாமல் காக்க, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சுடுமண் கட்டுமானப் பொருளாகப் பயன்பட்டதற்கு இது சான்று.

ஏரியும் வண்டலும்

குயவருக்கு எந்த மண்ணும் உதவாது. ஏரியிலும் ஆற்றோரத்திலும் படியும் நுண்ணிய வண்டலே வனைவதற்கு ஏற்றது. அதனுடன் மணலைக் கலந்து மிதித்துப் பதப்படுத்துவர். மணல் சேராத களிமண் காயும்போது சுருங்கி வெடிக்கும். சூளையின் வெப்பம் ஏறக்குறைய 600 பாகை செல்சியசை எட்டும்போது களிமண்ணுள் பிணைந்திருக்கும் நீர் வெளியேறிவிடும். அதன்பின் அது தண்ணீரில் கரைவதில்லை.

புதுச்சேரிப் பகுதியின் பெரிய ஏரி வில்லியனூர் கொம்யூனை ஒட்டிய ஊசுட்டேரி. அதற்கு அடுத்தது பாகூர் ஏரி. தென்பெண்ணையின் நீர் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்கு வருகிறது. பாகூர் மூலநாதர் கோயிலில் உள்ள 10ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் ஏரிப் பராமரிப்பு பற்றிய செய்திகள் உள்ளன. ஏரியைத் தூர்வாரும்போது வெளிவரும் வண்டல் வயலுக்கு எருவாகவும் குயவருக்கு மூலப்பொருளாகவும் ஆயிற்று. அடுத்த வெள்ளம் மீண்டும் வண்டலைக் கொண்டுவந்தது. எடுக்க எடுக்க நிரம்பும் மூலப்பொருள் என்பதே இத்தொழிலின் அடிப்படை.

ஓட்டின் வீழ்ச்சி

குடத்தையும் சட்டியையும் போலவே நாட்டு ஓடும் குயவரின் வருவாயாக இருந்தது. 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கியது. ஒரே அளவில் இயந்திரத்தில் அழுத்திச் செய்த மங்களூர் ஓடு தென்னிந்தியா எங்கும் பரவியது. பின்னர் கல்நார்த் தகடும் கான்கிரீட் தளமும் வந்தன. அடுக்களையில் அலுமினியமும் எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் மண்பாண்டத்தின் இடத்தைப் பிடித்தன. குயவரிடம் எஞ்சியவை பொங்கல் பானை, அகல் விளக்கு, அய்யனார் கோயில் குதிரை போன்ற சடங்குப் பொருட்களும் அலங்காரச் சிற்பங்களுமே.

சுட்ட வீடு

சுடுமண்ணைக் கட்டடத்துக்கு மீண்டும் கொண்டுவரும் முயற்சிகள் புதுச்சேரியிலேயே நடந்தன. அமெரிக்காவைச் சேர்ந்த ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினர். ஈரானியக் கட்டடக்கலைஞர் நாதர் கலிலியின் சோதனைகளைப் பின்பற்றி, மீக்கர் 1980களின் நடுப்பகுதி முதல் வீட்டையே சூளையாக்கிச் சுடும் முறையில் ஈடுபட்டார். பச்சை மண்கற்களால் வளைகூரையுடன் வீட்டைக் கட்டி, உள்ளே செங்கல், ஓடு போன்றவற்றை அடுக்கித் தீ மூட்டுவர். உள்ளே வெந்த பொருட்கள் பயன்பாட்டுக்கோ விற்பனைக்கோ போகும். எரிபொருள் செலவின் ஒரு பகுதி அவற்றின் கணக்கில் சேரும்.

கட்டடக்கலைஞர் அனுபமா குண்டூ மீக்கரின் முறையைப் பயன்படுத்தி, புதுச்சேரியில் வொலொன்தாரியா அமைப்பின் ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லங்களைக் கட்டினார். அவர் 2000ஆம் ஆண்டில் ஆரோவில்லில் கட்டி முடித்த வால் ஹவுஸ் என்ற வீட்டின் சுவர்களுக்கு, வட்டாரச் சூளைகளில் கிடைக்கும் அச்சுக்கல் எனப்படும் மெல்லிய செங்கல் பயன்பட்டது. கூரை வளைவுகளுக்குக் குயவர் வனைந்த உள்ளீடற்ற சுடுமண் குழல்கள் பயன்பட்டன. 2012இல் வெனிஸ் கட்டடக்கலைக் கண்காட்சியில் இவ்வீட்டின் முழு அளவு மாதிரி வைக்கப்பட்டது.

சுடாத கல்

சுடுமண்ணின் குறை எரிபொருள். இதற்கு மாற்றாக மண்ணைச் சுடாமல் அழுத்திக் கல்லாக்கும் முறை உள்ளது. கொலம்பியாவில் 1950களில் உருவான சின்வா-ராம் என்ற கையழுத்தப் பொறி இதற்கு முன்னோடி. 1989இல் ஹட்கோ நிறுவனத்தின் ஆதரவில் தொடங்கிய ஆரோவில் கட்டட மையத்தின் மண் பிரிவு, இன்று ஆரோவில் மண் கட்டுமான நிறுவனமாக இயங்குகிறது. மண்ணுடன் சுமார் 5 விழுக்காடு சிமெண்ட் சேர்த்து அழுத்தி, சில வாரங்கள் நீர் தெளித்துப் பதப்படுத்துவர். இம்முறையில் கட்டிய ஆரோவில் பார்வையாளர் மையத்துக்கு 1992இல் ஹசன் ஃபாத்தி விருது கிடைத்தது. உலகின் கரியமில வாயு வெளியீட்டில் 7 முதல் 8 விழுக்காடு வரை சிமெண்ட் உற்பத்தியால் வருவதால், சிமெண்டைக் குறைக்கும் எந்த முறைக்கும் இன்று மதிப்பு உண்டு. ஆயினும் அழுத்திய மண்கல்லுக்குக் குயவரின் கை தேவையில்லை. பொறியும் பயிற்சி பெற்ற கொத்தனாரும் போதும்.

அங்கீகாரம்

வில்லியனூர் சுடுமண்ணுக்கும், மண்ணாடிப்பட்டு கொம்யூனின் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்கும் புவிசார் குறியீடு கிடைத்ததால், வேறிடங்களில் செய்யும் பொருட்களை இப்பெயர்களில் விற்க முடியாது. வில்லியனூர்ச் சுடுமண் கலைஞர் வி. கே. முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் திருத்திய சிலைக் கரைப்பு நெறிமுறைகள், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலைகளைத் தவிர்த்து இயற்கைக் களிமண்ணை வலியுறுத்தின. இது களிமண் விநாயகர் சிலை செய்வோருக்குச் சாதகமானது.

மண் யாருக்கு

புவிசார் குறியீடு பெயரைக் காக்கும், மண்ணைக் காக்காது. செங்கல் சூளைகளுக்காக வயலின் மேல்மண் அகழப்படுவதைக் குறைக்கவே 1999இல் மத்திய அரசு செங்கல்லில் சாம்பல் கலப்பதைக் கட்டாயமாக்கும் அறிவிக்கையை வெளியிட்டது. வயலின் மேல்மண்ணைத் தோண்டினால் சுடுமண்ணும் நிலத்தை அழிக்கும் பொருளே. ஏரியைத் தூர்வாரி எடுத்த வண்டலில் செய்தால், அது ஏரியின் கொள்ளளவையும் கூட்டும். புதுச்சேரியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் 1999இல் தொடங்கிய ஏரிகள் புனரமைப்புத் திட்டம் 84 ஏரிகளை எடுத்துக்கொண்டது. அண்டையிலுள்ள தமிழ்நாட்டில், நீர்நிலைகளின் வண்டல் மண்ணையும் களிமண்ணையும் விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளரும் கட்டணமின்றி எடுக்கும் நடைமுறை 2024இல் எளிதாக்கப்பட்டது.

ஏரி தூர்ந்தால் நீரும் குறையும், குயவருக்கு மண்ணும் கிடைக்காது. பாகூர்க் கல்வெட்டுகள் பேசும் ஏரிப் பராமரிப்பு இன்றும் நடந்தால்தான் வில்லியனூர் சுடுமண்ணை நீடித்து நிற்கும் பொருள் என்று அழைக்க முடியும்.