சுடரில்லாமல் எரியும் எரிபொருள்: மணவாளக்குறிச்சி மணலும் திண்ம ஆக்சைடு கலமும்

‘எரிபொருள் கலம்’ என்னும் கலைச்சொல் எரிதலைக் குறிப்பிட்டாலும், அக்கலத்தில் எதுவும் சுடர்விட்டு எரிவதில்லை. ஒருபுறம் எரிபொருளும் மறுபுறம் காற்றும் இருக்க, நடுவில் ஒரு மெல்லிய பீங்கான் தகடு அவ்விரண்டையும் பிரிக்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் அயனியாக மாறித் தகட்டைக் கடந்து எரிபொருளோடு சேர்கிறது. அப்போது விடுபடும் எலக்ட்ரான்கள் வெளிச்சுற்றில் மின்னோட்டமாகின்றன. கொதிகலனும் சுழலியும் தேவைப்படாத இக்கருவியே திண்ம ஆக்சைடு எரிபொருள் கலம்.

செய்தித்தாள்களில் இதன் கதை பெரும்பாலும் 2010 பிப்ரவரியில் தொடங்கும். திருச்சிராப்பள்ளி மண்டலப் பொறியியல் கல்லூரியில் பயின்ற கே. ஆர். ஸ்ரீதர், கலிபோர்னியாவில் ‘புளூம் பெட்டி’யை அறிமுகப்படுத்திய மாதம் அது. ஆனால் இக்கலத்தின் வேர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் விளக்குகளில் இருக்கிறது. அதன் நெடுநாள் சிக்கல் ஒன்றுக்கான விடையும் விளக்குத் தொழிலுக்குப் பழக்கமான ஒரு பொருளிலிருந்தே கிடைத்தது.

வாயு விளக்கின் ‘மேண்டில்’ வலையை 1891இல் கார்ல் அவுவர் செம்மைப்படுத்தினார். அதில் 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு. திருமண ஊர்வலங்களில் பெட்ரோமாக்ஸ் விளக்கு தந்த வெண்ணொளி இக்கலவையின் கொடை. இவ்விரு தனிமங்களும் மோனசைட் என்னும் கனிமத்தில் உள்ளன. திருவிதாங்கூரிலிருந்து ஜெர்மனிக்குச் சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை 1909இல் ஷோம்பெர்க் என்ற வேதியியலர் கண்டறிந்தார். மணவாளக்குறிச்சிக் கடற்கரை உலகச் சந்தைக்குள் நுழைந்தது இவ்வாறே. அதே மணலில் சிர்கோனியத்தின் மூலக்கனிமமான சிர்கானும் உண்டு.

சிர்கோனியமும் விளக்கின் வழியாகவே மின்வேதியியலுக்குள் வந்தது. 1890களின் இறுதியில் வால்டர் நெர்ன்ஸ்ட், 85 பங்கு சிர்கோனியாவும் 15 பங்கு இட்ரியாவும் கலந்த குச்சியைச் சூடாக்கினால் அது மின்சாரத்தைக் கடத்தி ஒளிர்வதைக் கண்டு, அதையே மின்விளக்காக்கினார். டங்ஸ்டன் இழை வந்ததும் அவ்விளக்கு மறைந்தது, பொருள் மறையவில்லை. 1937இல் சூரிச்சில் எமில் பவுரும் பிரைசும் அதே வகைப் பீங்கானைக் கொண்டு, ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியசில் முதல் திண்ம ஆக்சைடு கலத்தை இயக்கினர். பீங்கானின் படிகத்தில் உள்ள ஆக்சிஜன் வெற்றிடங்களே அயனிகளுக்கு வழிவிடுகின்றன என்று 1943இல் கார்ல் வாக்னர் விளக்கினார்.

இவ்வாறு தகடு விரைவிலேயே அமைந்துவிட்டது. இடர் எரிபொருள் பக்கத்து மின்முனையில் இருந்தது. 1960களில் ஸ்பேசில் உருவாக்கிய நிக்கல்–சிர்கோனியா கலவை இன்றும் மிகுதியாகப் பயன்படும் மின்முனை. ஹைட்ரஜனுக்கு அது மிகப் பொருத்தமானது. மீத்தேன், பியூட்டேன் போன்ற ஹைட்ரோகார்பன்களை நேரடியாகச் செலுத்தினாலோ, நிக்கலே வினையூக்கியாகி அவற்றைச் சிதைத்துக் கரியைப் படிய வைக்கிறது. கரி நிக்கலுக்குள் கரைந்து இழைகளாக வளர, மின்முனை உப்பி வெடிக்கிறது. எரிபொருளோடு நீராவியைக் கலந்து, முன்கூட்டியே ஹைட்ரஜனாகவும் கார்பன் மோனாக்சைடாகவும் மாற்றுவதே வழக்கமான தீர்வு. ஆனால் அதற்குக் கூடுதல் நீரும் வெப்பக் கட்டுப்பாடும் வேண்டும்.

மாற்றுவழி அடுத்தடுத்த ஆண்டுகளில் இருமுறை திறந்தது. 1999இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பார்னெட் குழுவினர், சீரியம் ஆக்சைடு சேர்த்த மின்முனையில் மீத்தேனை நேரடியாகப் பயன்படுத்திக் காட்டினர். 2000இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பார்க், வோஸ், கோர்ட்டே ஆகியோர் நிக்கலையே நீக்கி, செம்பையும் சீரியம் ஆக்சைடையும் வைத்தனர். செம்பு மின்சாரத்தை மட்டும் கடத்தும். கரி வளர்வதைத் தூண்டாது. ஆக்சிஜனை எளிதில் கொடுத்து வாங்கும் சீரியம் ஆக்சைடு எரிபொருளை ஆக்சிஜனேற்றம் செய்யும். பீங்கானைச் சுட்டெடுக்கும் வெப்பத்தில் செம்பு உருகிவிடும் என்பதால், நுண்துளைப் பீங்கானை முதலில் சுட்டு, பிறகு உப்புக் கரைசல்களாக இவற்றை ஊறவைத்தனர். பியூட்டேனும் டொலுவீனும்கூட இக்கலத்தில் மின்சாரம் தந்தன.

எனினும் சந்தை இவ்வழியில் செல்லவில்லை. உயர்வெப்பத்தில் செம்புத் துகள்கள் திரண்டு மின்முனை வலுவிழந்தது. செவ்வாய்க் கோளின் கார்பன் டைஆக்சைடிலிருந்து ஆக்சிஜன் பிரிக்கும் ஆய்விலிருந்து வந்த ஸ்ரீதரின் நிறுவனமும், இயற்கை எரிவாயுவிலிருந்து கந்தகத்தை நீக்கி, நீராவியால் மாற்றிப் பயன்படுத்தும் வழியையே கைக்கொண்டது. அரசுக் கொள்கைகளின் கவனம் ஹைட்ரஜன் பக்கம் திரும்பியிருப்பதால், ஹைட்ரோகார்பன் மின்முனை ஆய்வு பழங்கதை என்று கருதப்படும் அபாயமும் உண்டு.

அவ்வாறு கருதுவது பிழையாகும். கறவை மாடுகளுக்கும் மாம்பழக்கூழ் ஆலைகளுக்கும் பெயர்பெற்ற சித்தூர்ப் பகுதியை எண்ணிப் பார்க்கலாம். சாணத்திலிருந்தும் பழக்கழிவிலிருந்தும் பெறத்தக்கது தூய ஹைட்ரஜன் அன்று. மீத்தேனும் கார்பன் டைஆக்சைடும் சிறிது ஹைட்ரஜன் சல்பைடும் கலந்த சாண எரிவாயு. கரியையும் கந்தகத்தையும் தாங்கும் மின்முனை இல்லாமல் இவ்வாயுவை நேரடியாகக் கலத்துக்குள் செலுத்த இயலாது. புதைபடிவ எரிவாயுவுக்காகத் தொடங்கிய ஆய்வு, புதுப்பிக்கத்தக்க எரிவாயுவுக்கும் அதே அளவு இன்றியமையாதது.

முதல் உலகப்போருக்கு முன் மணவாளக்குறிச்சி மோனசைட் மூலப்பொருளாகக் கப்பலேறியது. மேண்டில் வலைகள் ஜெர்மனியில் உருவாயின. இன்று கொல்கத்தாவின் மத்திய கண்ணாடி, பீங்கான் ஆய்வு நிறுவனம் இக்கலங்களை இந்தியாவிலேயே உருவாக்கும் திறனை வளர்த்து வருகிறது. சீரியமும் சிர்கோனியமும் நம் கரையில் கிடைக்கின்றன. மீத்தேன் நம் தொழுவங்களில் ஊறுகிறது. இவ்விரண்டையும் இணைக்கும் மின்முனை எங்கே உருவாகப்போகிறது என்பதே இவ்வரலாறு நம்முன் வைக்கும் கேள்வி.