ஏரியூர்: அணைக்கு மேலே ஓர் ஊர்

தருமபுரி மாவட்டம், பென்னாகரம் வட்டத்தில் உள்ளது ஏரியூர். இதே பெயரில் ஓர் ஊராட்சி ஒன்றியமும் உண்டு. இப்பகுதியின் வரலாற்றை மாற்றியது மேட்டூர் அணை.

1925-இல் தொடங்கிய அணைக் கட்டுமானம் 1934-இல் முடிந்தது. 120 அடி வரை நீர் தேங்கியதால் காவிரிக் கரையின் பல கிராமங்கள் மூழ்கின. மக்கள் மேட்டுப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தனர். எதிரே சேலம் மாவட்டத்துப் பண்ணவாடியில், நீர் வற்றும்போது பழைய நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் இன்றும் வெளியே தெரியும். ஏரியூர்ப் பக்கத்து நாகமரையிலிருந்து அங்கு செல்லப் பரிசலும் படகுமே குறுக்கு வழி.

அணை நீர் பாய்வதோ கீழே உள்ள டெல்டாவுக்கு! மேலே இருக்கும் ஏரியூர்ப் பகுதியில் பெரும்பாலும் மானாவாரி விவசாயம்தான். நீர் இறங்கினால், வெளிப்படும் நிலத்தில் கம்பு, எள், சோளம் விதைக்கிறார்கள். மீண்டும் நீர் ஏறினால் பயிர் போய்விடும்.

2011 கணக்கெடுப்பின்படி தருமபுரி மாவட்ட மக்கள்தொகை 15,06,843. இதில் ஏறத்தாழ 83 சதவீதத்தினர் கிராமவாசிகள். மழை பொய்த்தால் பலர் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலை தேடிச் செல்கின்றனர்.

அன்று நீர் வந்ததால் ஊரை விட்டார்கள். இன்று நீர் கிடைக்காததால் ஊரை விடுகிறார்கள். ஓர் அணையின் பயனைக் கணக்கிடும்போது, இந்தச் செலவையும் எழுத வேண்டாமா?