முடக்கிவைத்த ஆண்டுகள்: சேலம் வட்டாரத்து வெள்ளி ரூபாயின் அச்சு வேறுபாடுகளும் அவற்றின் மதிப்பும்

சேலத்துக்குக் கிழக்கே ஆத்தூர்ச் சாலையும் அரூர்ச் சாலையும் பிரியும் இடத்தில் இருக்கிறது அயோத்தியாப்பட்டணம். கோதண்டராமர் கோயிலால் பேர்பெற்ற இவ்வூரிலோ சுற்றுப்பட்டுக் கிராமங்களிலோ ஒரு வீட்டுப் பெட்டியில் விக்டோரியா தலை போட்ட ரூபாய் கிடந்தால், அதன் விலையைச் சொல்வது பெரும்பாலும் சேலத்து வெள்ளிக்கடைத் தராசுதான். எடை 11.66 கிராம், தரம் 91.6 டச், சுத்த வெள்ளி 10.69 கிராம். கொலுசுப் பட்டறையின் மூசைக்கு இதற்குமேல் எதுவும் தெரிய வேண்டியதில்லை. நாணயம் சேகரிப்பவரோ அதே காசில் ராணியின் சட்டை முன்பட்டையில் எத்தனை கட்டம், பின்பக்கத்து உச்சிப்பூவின் இதழ் வளைந்திருக்கிறதா, ஆண்டுக்குக் கீழே புள்ளி உண்டா என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடுகிறார். இந்த நுண்ணிய வேறுபாடுகள் எப்படித் தோன்றின, அவற்றுள் எவை விலை பெறுகின்றன என்பதே இக்கட்டுரையின் பொருள். அச்சடித்த கணக்கைக் காட்டிலும் உருக்கிய கணக்கே ஒரு காசின் அருமையைத் தீர்மானித்திருக்கிறது என்பது என் முடிபு.

1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி சேலமும் பாராமகாலும் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பெனியின் கைக்கு வந்தன. கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணையாக இருந்த தாமஸ் மன்றோவும் இங்கே நில வரி வசூலித்தபோது, பூவராகன், பணம், ரூபாய் என்று பல வகைக் காசுகள் புழங்கின. ஒன்றை இன்னொன்றாக மாற்றும்போது காசு மாற்றித் தரும் சராப்பு வட்டம் என்ற கழிவைப் பிடிப்பார். காசில் பொறித்த ஆண்டு பழையதென்றால், தேய்மானத்தைக் காரணம் காட்டி வட்டம் இன்னும் கூடும். இதை ஒழிக்கக் கும்பெனி கண்ட வழி எளிமையானது: ஆண்டையே மாற்றாமல் விட்டுவிட்டது. கல்கத்தா சிக்கா ரூபாயில் முகலாயப் பாதுஷா ஷா ஆலமின் 19ஆம் ஆட்சியாண்டு நிலைத்தது. 1807 முதல் சென்னையில் இயந்திரம் கொண்டு அடித்த ஆற்காட்டு ரூபாயில் இரண்டாம் ஆலம்கீரின் பெயரும் ஹிஜ்ரி 1172உம் இருந்தன. அந்தப் பாதுஷா 1759இலேயே கொலையுண்டவர்! காசு எந்த ஆண்டில் பிறந்தது என்பதை அதன் முகத்திலிருந்து அறியவிடாமல் செய்த இந்த ஏற்பாடுதான் பின்னாளில் அச்சு ஆராய்ச்சிக்கு விதை போட்டது.

சென்னை அச்சுசாலையின் அந்தக் காலத்து வெள்ளிக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. வாணிகத்தின் வழியே வந்து குவிந்த ஸ்பானிய டாலர்களை உருக்காமலே, அவற்றின்மேல் புது அச்சை அடித்து இரட்டை ரூபாயும் அரைப் பூவராகனும் ஆக்கியதுண்டு. அரைப் பூவராகனின் ஒரு பக்கம் கோபுரமும் நட்சத்திரங்களும். மறுபக்கம் தெய்வ உருவமும் தமிழ், தெலுங்கு எழுத்துகளும். கோபுரத்தை அடுத்த நட்சத்திரங்களின் எண்ணிக்கை, எழுத்தின் அளவு, சுற்றியுள்ள வாரின் கொக்கி எல்லாம் அச்சுக்கு அச்சு மாறும். அடியிலிருந்த டாலரின் எழுத்தோ அரசன் முகத்தின் ஒரு கோடோ மங்கலாகத் தெரிந்தால், பழகாத கண் அதைத் தேய்மானம் என்று தள்ளிவிடும். அறிந்தவர் அதற்குக் கூடுதல் விலை தருவார். தமிழ்நாட்டில் டாலரின் அச்சு வேறுபாடு பற்றிப் பேச வேண்டுமானால், முதலில் கையில் எடுக்க வேண்டிய காசு இதுவே.

1818இல் சென்னை மாகாணம் பூவராகனை விட்டு ரூபாய்க்கு மாறியது. 100 பூவராகனுக்கு 350 ரூபாய் என்று விகிதம் வைத்தார்கள். 1835ஆம் ஆண்டுச் சட்டம் கும்பெனி ஆட்சிப் பகுதி முழுவதற்கும் 180 கிரெயின் எடையுள்ள ஒரே ரூபாயைக் கொண்டுவந்தது. ஆண்டை முடக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. நான்காம் வில்லியம் ரூபாய் எப்போது அடித்தாலும் 1835, அடுத்து வந்த விக்டோரியா ரூபாய் 1840, அதற்கடுத்தது 1862. ஆகவே ‘1840 ரூபாய்’ என்பது ஓர் ஆண்டின் காசன்று, இருபதாண்டுக்கு மேற்பட்ட அச்சடிப்புகளின் கூட்டுப்பெயர்.

இத்தகைய காசுகளைப் பிரித்தறிய அச்சு தவிர வேறு சாட்சி இல்லை. 1835 காசில் கழுத்தின் வெட்டுப்பகுதியைப் பார்க்க வேண்டும்: ‘ஆர்.எஸ்.’ என்றோ ‘எஃப்’ என்றோ எழுத்து இருக்கலாம். எழுத்தே இல்லாமலும் இருக்கலாம். முன்னது சாண்டர்ஸ், பின்னது ஃபோர்ப்ஸ். இருவரும் கல்கத்தா அச்சுசாலைத் தலைவர்கள். 1840 காசில் ராணியின் பெயர் தலையைச் சுற்றித் தொடர்ந்து ஓடினால் முந்தைய வகை. இரு பக்கமும் பிரிந்து நின்றால் பிந்தையது. பின்பக்க மாலையிலுள்ள பழங்களை எண்ணுவது அடுத்த வேலை. 1862 காசில் பம்பாய் அச்சுசாலை ஓர் உபாயம் செய்தது: முகப்பாண்டை அப்படியே விட்டு, உண்மையான ஆண்டைப் புள்ளிகளால் குறித்தது. 1874இல் ஆண்டு மீண்டும் மாறத் தொடங்கும்வரை இந்தப் புள்ளிகளே நாட்குறிப்பு. உச்சிப்பூவின் அடியிலுள்ள இரு பெரிய இதழ்கள் நீண்டு கீழ்நோக்கி வளைந்தால் முதல் பின்பக்கம், குறுகிப் படுக்கைவாட்டில் இருந்தால் இரண்டாவது. பிரிட்மோரின் பட்டியல் இத்தகைய வகைகளுக்கு ஓர் ஒழுங்கு தந்தது. அமெரிக்க மார்கன் டாலருக்கு வான் ஆலனும் மாலிஸும் செய்த வேலையும் இதைப் போன்றதுதான்.

ஆனால் வகை தெரிந்தால் விலை தெரிந்துவிடாது. 1911ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயைப் பாருங்கள். அரசர் அங்கியில் தொங்கும் பதக்கத்து யானை பன்றிபோல் இருக்கிறதென்று கூச்சல் எழுந்தது. அடித்தவை ஏறக்குறைய 94 லட்சம், வெளியே போனவை 7 லட்சம், மிச்சம் உருக்கப்பட்டது. 1912இல் தும்பிக்கை தெளிவாகத் தெரியும்படி அச்சைத் திருத்தினார்கள். ‘பன்றி ரூபாய்’க்கு இன்றுள்ள கிராக்கியை 94 லட்சம் என்ற கணக்கு விளக்காது.

இன்னும் பெரிய உருக்கல் கடல் கடந்து நடந்தது. முதல் உலகப் போரில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்து, 1917 நவம்பரில் அரசு ஒரு ரூபாய் நோட்டே அச்சடித்தது. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் பிட்மன் சட்டத்தின்படி 27 கோடிக்கு மேல் வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டன. அதில் சுமார் 26 கோடி பிரிட்டனுக்கு விற்றது, இந்திய ரூபாய்க்காக. மார்கன் டாலரின் எத்தனை அச்சு வகைகள் அந்தக் கொப்பரையில் போயின என்று அங்குள்ளவர்கள் இன்றும் அங்கலாய்க்கிறார்கள். அந்த வெள்ளி பம்பாயிலும் கல்கத்தாவிலும் ஐந்தாம் ஜார்ஜ் முகம் பெற்றது.

அந்த ரூபாய்களுக்கும் அதே கதி வந்தது. 1940இல் ரூபாயின் வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1941 முதல் 1943 வரை விக்டோரியா, எட்வர்டு, ஜார்ஜ் காசுகள் ஒவ்வொன்றாகச் செல்லாமல் ஆயின. கருவூலத்துக்குப் போகாதவை பட்டறைக்குப் போயின. 1939ஆம் ஆண்டு ரூபாய் இன்று ஏலத்தில் பெரும் விலைக்குப் போவதும், அதற்குப் போலிகள் மலிந்திருப்பதும் இந்தப் பின்னணியில்தான்.

சேலம் வட்டாரத்தில் கிடைக்கும் காசுகளில் இன்னொரு சிக்கல். காசுமாலைக்காகப் பற்றவைத்த வளையம், அதைப் பெயர்த்த தழும்பு, புளி போட்டுத் தேய்த்த பளபளப்பு: இவற்றில் ஒன்று இருந்தாலும் அரிய அச்சுகூட வெள்ளி விலையை ஒட்டியே நிற்கும். அளவுக்கு மீறிய மினுக்கமும் சந்தேகத்துக்குரியதே, ஏனெனில் பம்பாய், கல்கத்தா அச்சுசாலைகள் பழைய அச்சுகளால் பிற்காலத்தில் மறு அச்சும் அடித்துக் கொடுத்திருக்கின்றன. வீட்டில் காசு வைத்திருப்பவர் செய்ய வேண்டியது: முதலில் எடை, பிறகு பூவிதழ், புள்ளி, எழுத்து, கடைசியில்தான் விலை. துடைக்கவே கூடாது. நூறாண்டு கடந்த காசு 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்கீழ் வரும். வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. பிட்மன் வெள்ளியில் அடித்த ரூபாய்களும் இப்போது அந்த எல்லையைத் தாண்டிவிட்டன.