பிடியரிசி (கல்விக்கொடை)

பிடியரிசி என்பது, நாள்தோறும் சமையலுக்கு எடுக்கும் அரிசியிலிருந்து ஒரு கைப்பிடியைத் தனிக்கலத்தில் சேர்த்துவைத்து, பொதுக்காரியம் ஒன்றுக்கு வழங்கும் கொடைமுறை ஆகும். கோயில் திருப்பணி, மடங்கள், அன்னதானம் ஆகியவற்றுக்காகத் தமிழர் வாழும் பகுதிகளில் இம்முறை வழங்கி வந்துள்ளது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தென்தமிழகத்தில் சமூகத்தார் நடத்திய தனியார் பள்ளிகளைத் தாங்கவும் இது பயன்பட்டது. விருதுநகரில் 1889இல் தொடங்கப்பட்ட க்ஷத்ரிய வித்யாசாலா இதற்குப் பெரிதும் அறியப்பட்ட எடுத்துக்காட்டாகும். பின்னாளில் தமிழகத்தின் முதலமைச்சரான கு. காமராசர் இப்பள்ளியில் பயின்றவர்.

முறை

வீட்டில் உலை வைக்கும் பெண்கள், அரிசியைக் களைவதற்கு முன்னர் அதிலிருந்து ஒரு பிடியை எடுத்து, இதற்கென வைத்துள்ள பானையிலோ கலயத்திலோ இடுவர். குறிப்பிட்ட நாளில் பொறுப்பாளர்கள் வீடுவீடாகச் சென்று அரிசியைப் பெற்றுக்கொள்வர். திரண்ட அரிசி விற்கப்பட்டுப் பணமாக்கப்படும், அல்லது உணவுக்கு நேரடியாகப் பயன்படுத்தப்படும்.

ஒரு பிடி என்பது நிறுத்துப் பார்க்கப்படும் அளவன்று. கொடுப்பவரின் கையே அளவுகோலாகும். ஆயினும் பல வீடுகள் சேரும்போது அதன் அளவு கணிசமாகிறது. எடுத்துக்காட்டாக, ஒரு பிடியை 40 கிராம் என்று கொண்டால், 500 வீடுகளிலிருந்து நாளொன்றுக்கு 20 கிலோகிராமும், 30 நாட்களில் 600 கிலோகிராமும் சேரும். எந்த வீட்டுக்கும் பெருஞ்சுமை ஏற்படுவதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை பெருந்தொகை கேட்டால் தர இயலாத குடும்பமும் இவ்வாறு தரமுடியும்.

பின்னணி

19ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வடக்கே வணிகத்துக்காகச் சென்ற நாடார் சமூகத்தினர் சிவகாசி, விருதுப்பட்டி, அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாலையம்பட்டி, சாத்தங்குடி ஆகிய ஊர்களில் குடியேறினர். விருதுப்பட்டி என்பது 1923 வரை விருதுநகருக்கு வழங்கிய பெயராகும். மதுரையையும் தூத்துக்குடியையும் இணைக்கும் இருப்புப்பாதை 1870களில் அமைந்த பின்னர், பருத்தி, மிளகாய், மல்லி முதலிய சரக்குகளின் வணிகத்தால் இவ்வூர் வளர்ந்தது.

வணிகத்தில் முன்னேறியபோதிலும் இச்சமூகத்தினருக்குக் கோயில் நுழைவு உள்ளிட்ட உரிமைகள் பல இடங்களில் மறுக்கப்பட்டிருந்தன. கமுதி கோயில் நுழைவு வழக்கும், 1899ஆம் ஆண்டின் சிவகாசிக் கலவரமும் அக்காலச் சூழலைக் காட்டுவன. இந்நிலையில் கிணறு, சாவடி, கோயில், பள்ளி ஆகியவற்றைத் தாமே அமைத்துக்கொள்ளும் முயற்சிகள் எழுந்தன. ஊர்தோறும் குடும்பத் தலைவர்களைக் கொண்ட உறவின்முறை என்னும் அமைப்பு இவற்றை நிர்வகித்தது.

மகமையும் பிடியரிசியும்

உறவின்முறையின் முதன்மை வருவாய் மகமை எனப்பட்டது. வணிகர்கள் தாம் வாங்கி விற்கும் சரக்கின் அளவுக்கேற்பச் செலுத்திய சிறுதொகையே மகமையாகும். ஒவ்வொரு மூட்டைக்கும் சேரும் தொகை சிறியதேனும் வணிகம் பெருகப்பெருக நிதியும் பெருகியது.

இவ்விரண்டும் ஒரே நோக்கத்துக்கு உதவினாலும் அவற்றிடையே முக்கியமான வேறுபாடு உண்டு. மகமை வணிகம் செய்வோரிடமிருந்து கிடைப்பது. கடையோ சரக்கோ இல்லாத குடும்பங்கள் அதில் பங்குகொள்ள வழியில்லை. பிடியரிசியோ அடுப்பு எரியும் எந்த வீட்டிலிருந்தும் வரக்கூடியது. கூலி வேலை செய்வோரும், கணவரை இழந்த பெண்களும் இதன்மூலம் பள்ளிக்குக் கொடுப்பவர்களாயினர். எனவே அவர்களுடைய பிள்ளைகள் பிறர் தருமத்தில் படிப்பவர்களாக அன்றி, தம் வீட்டின் பங்கும் சேர்ந்த பள்ளியில் படிப்பவர்களாகக் கருதப்பட்டனர். கட்டணம் செலுத்த இயலாத பிள்ளையின் தன்மதிப்பைக் காத்தமை இம்முறையின் தலையாய பயன் எனலாம்.

க்ஷத்ரிய வித்யாசாலா

மகமை நிதியைக் கொண்டு 1889இல் விருதுப்பட்டி நாடார்களால் இப்பள்ளி தொடங்கப்பட்டது. இது சுருக்கமாகக் கே. வி. எஸ். பள்ளி என அழைக்கப்படுகின்றது. மகமையுடன் பிடியரிசியும் இப்பள்ளியைத் தாங்கியதாகக் காமராசரின் வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. பிற்காலத்தில் பெண்கள் பள்ளி உட்பட மேலும் பல கல்வி நிறுவனங்கள் விருதுநகரில் தோன்றின. 1947இல் செந்திக்குமார நாடார் கல்லூரியும், 1962இல் வே. வ. வன்னியப்பெருமாள் பெண்கள் கல்லூரியும் தொடங்கப்பட்டன. 1910இல் நிறுவப்பட்ட நாடார் மகாசன சங்கமும் கல்விப் பணிகளில் ஈடுபட்டது.

காமராசரும் பள்ளியும்

காமராசர் 1903ஆம் ஆண்டு சூலை 15இல் விருதுப்பட்டியில் பிறந்தார். சிறுவயதிலேயே தந்தை குமாரசாமியை இழந்தார். தாய் சிவகாமி அம்மையார் குடும்பத்தை நடத்தினார். க்ஷத்ரிய வித்யாசாலாவில் சேர்ந்த காமராசர் குடும்பச் சூழலால் படிப்பைத் தொடராது, தாய்மாமனின் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். கட்டணச் சுமை நீங்கினாலும், வீட்டுக்கு ஒரு சம்பாத்தியம் தேவைப்படும்போது பிள்ளை பள்ளியில் நிலைப்பதில்லை என்பதை இது காட்டுகின்றது.

அப்பள்ளியில் நடந்ததாக வாழ்க்கை வரலாறுகளில் கூறப்படும் நிகழ்ச்சி ஒன்று பரவலாக அறியப்பட்டது. பிள்ளையார் சதுர்த்திக்காக மாணவர் அனைவரிடமும் ஒரே அளவில் காசு பெறப்பட்டது. பூசை முடிந்து பொரிகடலை முதலியன வழங்கப்பட்டபோது, மற்ற மாணவர்கள் முண்டியடித்து நிறையப் பெற்றுக்கொண்டனர். ஒதுங்கி நின்ற காமராசருக்குச் சிறிதளவே கிடைத்தது. இதுபற்றி வீட்டில் வினவியபோது, எல்லோரிடமும் ஒரே அளவு காசு பெற்றவர்கள் எல்லோருக்கும் ஒரே அளவாகத் தருவதுதானே முறை என்று அவர் மறுமொழி கூறியதாகச் சொல்லப்படுகின்றது. பொதுநிதி திரட்டுவோர் பங்கீட்டுக்கும் பொறுப்பானவர்கள் என்பதே இந்நிகழ்ச்சி உணர்த்தும் கருத்து.

காமராசர் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தார். 1956இல் பள்ளி மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பட்டபோது, செலவின் ஒரு பகுதி ஊர்மக்களின் பங்களிப்பிலிருந்து பெறப்பட்டது. 1958 முதல் கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலுவின் முயற்சியால் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடைபெற்றன. இவற்றில் ஊர்மக்கள் கட்டடம், தளவாடம், உடை, பாடநூல் ஆகியவற்றைப் பள்ளிகளுக்கு வழங்கினர். ஒரு சமூகத்தின் பள்ளியைத் தாங்கிய ஊர்க்கொடை என்னும் வழிமுறை, இவற்றில் அனைவருக்குமான அரசுத் திட்டங்களோடு இணைந்தது.

வரம்புகளும் விமர்சனங்களும்

* மகமையை முழுவதும் விருப்பக்கொடை என்று கொள்ள இயலாது. உறவின்முறையின் கட்டுப்பாட்டை மீறியோர் தண்டத்துக்கோ விலக்கத்துக்கோ உள்ளாக நேரிடும். இக்கட்டாயமே நிதியின் தொடர்ச்சிக்கும் ஒரு காரணமாயிற்று.
* பிடியரிசியை ஒதுக்கியவர்கள் பெண்கள். ஆனால் நிதியைப் பற்றி முடிவெடுத்த உறவின்முறைக் கூட்டங்களில் ஆண்களே இடம்பெற்றனர். கொடுத்தவருக்கும் முடிவெடுத்தவருக்கும் இடையே இவ்வாறு இடைவெளி இருந்தது.
* ஒரு சமூகத்தின் ஒற்றுமையால் எழுந்த நிறுவனங்கள் சாதி அடையாளத்தை வலுப்படுத்தின என்ற விமர்சனமும் உண்டு. 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 29(2)ஆம் உறுப்பின்படி, அரசின் நிதியுதவி பெறும் கல்வி நிறுவனம் எதுவும் மதம், இனம், சாதி, மொழி ஆகியவற்றை மட்டுமே காரணமாகக் காட்டிச் சேர்க்கையை மறுக்கக்கூடாது.
* அரிசி விளைச்சலும் விலையும் மாறுபடுவதால் இவ்வருவாய் நிலையானதன்று. ஆசிரியர் ஊதியம் போன்ற நிலையான செலவுகளுக்கு மகமை, அறக்கட்டளைச் சொத்து, அரசு நிதியுதவி ஆகியவை தேவைப்பட்டன.

பிற இடங்களில்

யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1864இல் சிதம்பரத்திலும் ஒரு பள்ளியைத் தொடங்கினார். மிசனரிப் பள்ளிகளுக்கு மாற்றாக அமைந்த இவை பொதுமக்களின் பொருளுதவியை நம்பியிருந்தன.

வடகிழக்கு இந்தியாவின் மிசோரம் மாநிலத்தில் இதனையொத்த வழக்கம் ஒன்று இன்றும் உள்ளது. புகுபாய் தாம் எனப்படும் அம்முறையில், சமைக்கும்போதெல்லாம் பெண்கள் ஒரு பிடி அரிசியைத் திருச்சபைக்கென எடுத்துவைக்கின்றனர். 1910இல் பிரசுபிட்டேரியன் திருச்சபையில் தொடங்கிய இது, திருச்சபைப் பணிகளுக்கு முக்கிய வருவாயாக விளங்குகின்றது.

பிடியரிசியும் கட்டாய நன்கொடையும்

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டணத்தை முதன்மை வருவாயாகக் கொண்ட தனியார் பள்ளிகள் பெருகின. அதன்பின்னர் பள்ளி நன்கொடை என்னும் சொல், சேர்க்கையின்போது பெற்றோரிடம் கேட்கப்படும் தொகையைக் குறிக்கவும் பயன்படலாயிற்று. பிடியரிசிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு தொகையின் அளவில் மட்டும் இல்லை. பிடியரிசியில் கொடைக்கும் ஒரு குறிப்பிட்ட பிள்ளையின் சேர்க்கைக்கும் தொடர்பில்லை. பிள்ளை இல்லாத வீடும் கொடுத்தது. சேர்க்கை நன்கொடையிலோ இடமே விலைபொருளாகின்றது. கொடுக்க இயலாதவரின் பிள்ளை வெளியே நிற்க நேரிடுகின்றது.

இத்தகைய வசூலைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1992இல் தலைவரிக் கட்டணத் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. தனியார் பள்ளிகளின் கட்டணத்தை ஒரு குழு நிர்ணயிப்பதற்கான சட்டம் 2009இல் வந்தது. நாடளாவிய கல்வி உரிமைச் சட்டம், 2009, பள்ளி அறிவித்த கட்டணத்துக்கு மேற்பட்ட எவ்வகை நன்கொடையையும் தலைவரிக் கட்டணமாகக் கருதுகின்றது. அதனை வசூலிக்கும் பள்ளிக்கு, வசூலித்த தொகையைப் போல் பத்து மடங்கு வரை தண்டம் விதிக்கவும் அச்சட்டம் இடமளிக்கின்றது.

இவற்றையும் பார்க்க

* மகமை
* உறவின்முறை
* காமராசர்
* மதிய உணவுத் திட்டம்
* விருதுநகர்